பதினாலாம் நம்பர் ஆஸ்பத்திரி

1

“…அப்டின்னா காலி மனைன்னு எழுதிக்கீறது பொய்யாப் பூடும் இல்ல மாமே?”

போன செவ்வாய்க்கிழமை ஏழுமலை என்னை இப்படிக் கேட்டான். அவன் நின்றிருந்தது பூந்தமல்லிக்குப் பக்கத்தில் பாரிவாக்கத்தில், காலை ஆறரை மணி வெயிலில். நான் உட்கார்ந்திருந்தது நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச்சில், பகல் ஒரு மணிக் குளிரில். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இந்த ஊரின் பெயர் தெரிந்திருக்கும். சமையலறை மேஜையில் ரசம் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. போனைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்திருந்தேன். போனுக்குள் அவன், கையில் ஒரு முத்திரைத்தாளோடு.

ஏழுமலை என் மனைவி அம்சாவின் அண்ணன். அதற்கு முன்பே எனக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். அந்த முத்திரைத்தாள் நான் அனுப்பியது. ‘கையெழுத்துப் போட்டாயிற்று, எப்போதும்போல உன் வேலையைப் பார், அது ஃபைலுக்குள் கிடக்கப்போகிற காகிதம்’ என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். அதற்குத்தான் அவன் அப்படிக் கேட்டான்.

யார் எதைச் சொன்னாலும், மனசில் தைத்தால் ஒரு பழைய டைரியில் குறித்துவைப்பது என் வழக்கம். பத்தாவதும் ஐ.டி.ஐ.யும்தான் என் படிப்பு. மற்றதெல்லாம் ஆட்கள் பேசக் கேட்டுக் கற்றது. அந்த டைரியைப் புரட்டினால் ஏழுமலை சொன்னதுதான் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். இந்த ஒன்றை மட்டும் இன்னும் எழுதவில்லை. கை வரவில்லை.

இந்த மாதத்தோடு என் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருஷம். செத்துப் பிழைத்தவன் மண்ணைக் கொத்தித் தேறிய கதையை ஊரில் இருப்பவர்களுக்குச் சந்தோஷமாக எழுதலாம் என்றுதான் இருந்தேன். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அந்தக் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

2

எனக்கு முன்னால் விழுந்தவன் ஏழுமலை.

பாரிவாக்கத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. கீரையும் கத்திரியும் போடுவார்கள். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் விற்றபோது இவர்களும் விற்றார்கள். கல் நட்டு, ரோடு போட்டு, வளைவு கட்டி லேஅவுட் ஆனது. அப்போது நான் இங்கே வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. “எங்கப்பா நெலத்துல ஒரு துண்டாவது நம்ம பேர்ல இருக்கட்டுங்க” என்று அம்சா சொன்னாள். பதினாலாம் நம்பர் மனையை வாங்கினேன். அதற்கப்புறம் அதைப் போய்ப் பார்த்தது இரண்டு தடவை. இரண்டு தடவையும் வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடந்ததால் ரோட்டில் நின்றே பார்த்துவிட்டு வந்தோம்.

நிலம் போன பிறகு ஏழுமலை அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு செக்யூரிட்டியாகப் போனான். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஒரு நாற்காலி, ஒரு நோட்டு, மேலே ஏ.சி. பன்னிரண்டு மணி நேரம். முதல் வருஷம் ஊருக்குப் போனபோது தொப்பை வந்திருந்தது. அடுத்த தடவை சர்க்கரை வந்திருந்தது. “நாள் பூரா குந்திகினு கீறது எவ்ளோ கஷ்டம்னு குந்திப் பாத்தவனுக்குத்தான் மாமே தெரியும்” என்றான். அப்போது சிரித்தேன். டைரியில் அது இருக்கிறது.

மூன்று வருஷம் முன்பு, அந்த நாற்காலியிலேயே ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டான். வலது கை, வலது கால், பாதி வாய்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது கை காலுக்குப் பயிற்சி சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் எங்கள் பக்கத்து வழக்கம் வேறு. கைகால் விழுந்தவன் என்றால் ஃபேனுக்குக் கீழே கட்டில், சுற்றிலும் தலையணை. எழுந்தால் மனைவி கத்துவாள், பிள்ளைகள் ஓடிவந்து பிடிப்பார்கள். பிறகு புறா. புறா ரத்தம் தேய்த்தால் நரம்பு எழும்பும் என்று எவர் சொன்னாரோ, பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு ஜோடி புறாவோடு வந்தார்கள். ரத்தம் கைக்கு, கறி வயிற்றுக்கு. “பொறா ரத்தம் தேச்சித் தேச்சி, கை எழுந்துச்சோ இல்லியோ, பூனைங்கல்லாம் என் கட்டில சுத்திக்கினு கீது” என்று குளறிக் குளறிச் சொன்னான். ஒரு வருஷம் அப்படிக் கிடந்தான்.

அந்தச் சமயம் பாங்கில் இடது கையால் அவன் போட்ட கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பிவிட்டார்கள். அவன் மனைவி கன்னியம்மா கவுன்டரில் சத்தம் போட்டாளாம்: “ஆளே எதிர்ல குந்திக்கீறாரு. ஆள வுட கையெழுத்து பெர்சா?” பெரிசுதான் போலிருக்கிறது. டாக்டரிடம் ஒரு சான்று, அதற்கு ஒரு முத்திரை, அந்த முத்திரைக்கு இன்னொரு சான்று என்று ஆட்டோவில் நாலு தடவை தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் இடது பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார்கள். அன்றைக்கு அவன் அழுததாகக் கன்னியம்மா அம்சாவிடம் சொன்னாள். கை விழுந்ததற்கு அழாதவன், கைநாட்டு வைத்ததற்கு அழுதான்.

3

பிறகு நான் விழுந்தேன்.

இங்கே நான் வெல்டராக வந்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் கற்ற தொழில். மூட்டு வலி வந்த பிறகு பட்டறையில் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்த்திவிட்டார்கள். ஏழுமலைக்கு ஒரு நாற்காலி, எனக்கு ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்சா கட்டில், தலையணை எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டாள். தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தூக்க விடமாட்டாள். புறா கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மகள் திவ்யா வெலிங்டனிலிருந்து வந்து மூன்று நாள் இருந்தாள். “அப்பா, ஆர் யூ ஓகே?” என்று வாசலில் நின்று கேட்பாள். ஓகே என்றால் போய்விடுவாள். ஓகே இல்லை என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. தமிழில் சொன்னால் பாதிதான் அவளுக்குப் போய்ச்சேரும்.

என்னைப் பரிசோதிக்க வந்த நர்ஸ் அம்மாவிடம், உடம்பு சொன்னபடி கேட்கவில்லை என்பதை அப்படியே இங்கிலீஷில் மாற்றிச் சொன்னேன். பாவம், காது டாக்டரைப் பார்க்க ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அம்சா குறுக்கே வந்து விளக்கியதும் சிரித்துவிட்டு இன்னொரு சீட்டு எழுதினார். வாரம் இரண்டு நாள், ஊருக்கு வெளியே ஆற்றங்கரை, நெஞ்சு நோய் வந்த ஆண்கள் சேர்ந்து புதர் வெட்டி மரக்கன்று நடுகிற குழு. “மருந்தில் பாதி மாத்திரை டப்பாவில் இருக்கிறது. மீதி வெளியே கிடக்கிறது, போய் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். டைரி.

போனேன். எல்லாரும் என்னைப்போல மூச்சு வாங்குகிற கிழங்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி காலின் என்பவர், எண்பது வயது, லாரி ஓட்டியவர், நெஞ்சைப் பிளந்து தைத்த தழும்பைப் பெருமையாகக் காட்டுவார். ஆற்றங்கரை முழுக்க மஞ்சள் பூ வைத்த ஒரு முள் புதர். யாரோ வெளியூர்க்காரன் வேலிக்கென்று கொண்டுவந்து வைத்தானாம், ஊரையே பிடித்துக்கொண்டது. எங்கள் வேலிக்காத்தானுக்குத் தம்பி. முதல் நாள் பத்து நிமிஷம் வெட்டினேன், அரைமணி நேரம் உட்கார்ந்தேன். காலின் என்னை அவசரப்படுத்தவில்லை. “இன்றைக்கு முடிந்தது போதும். நாளைக்கு இன்னும் கொஞ்சம் முடியும். முடியாவிட்டாலும் டீ உண்டு” என்றார்.

ஆறாவது வாரம் மண்வெட்டியோடு ஒரு மணி நேரம் நின்றேன். ராத்திரி மாத்திரை இல்லாமல் தூங்கினேன். பசி என்று ஒன்று வருமே, அது வந்தது.

4

ஆனால் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. வாக்கிங் போகிறேன் என்றே சொன்னேன்.

காரணம் என் அப்பா. பாரிவாக்கத்துக்குப் பக்கத்து ஊரான நூம்பலில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு வெட்டியவர். மண்வேலை உடம்புக்கு நல்லது, மனசுக்கு நல்லது என்று நான் பாட்டுப் பாட வரவில்லை. அவர் உடம்பை அது வளைத்து முறித்துப் போட்டது. மூச்சு வாங்கினால் உட்கார்ந்து டீ குடிக்க அவருக்கு யாரும் இடம் தரவில்லை. வேலை ஒன்றுதான், நிறுத்தலாம் என்கிற இடத்தில் செய்தால் மருந்து, நிறுத்த முடியாத இடத்தில் செய்தால் நோய். “இந்தச் சனியன் உன் கையில படக்கூடாதுடா” என்று சொல்லித்தான் என்னை ஐ.டி.ஐ.யில் சேர்த்தார். அவர் பிள்ளை கடல் தாண்டிப் போய் அதே சனியனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று எப்படிச் சொல்வது?

ஒருநாள் காலின் என் போனிலேயே என்னைப் படம் எடுத்தார். மண்வெட்டி, சேற்று பூட்ஸ், இடுப்பில் கை. திவ்யாவுக்கு அனுப்பப் போய், கை தவறிக் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டேன். அழிப்பதற்குள் எல்லாரும் பார்த்தாயிற்று. ஒரு சிரிப்புப் பொம்மை மட்டும் யாரோ போட்டிருந்தார்கள்.

மறுநாள் ஏழுமலையிடமிருந்து போன். விழுந்த பிறகு அவனாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வாய் இன்னும் குளறியது.

“மாமே, மண்ணு வெட்டத்தான் ஃப்ளைட்டு புட்ச்சி அங்க போனியா?”

“டாக்டர் வெட்டச் சொன்னாங்கடா மச்சான்.”

“மெய்யாலுமா?”

“எழுதியே குடுத்தாங்க.”

“சீட்டுல மாத்தரைக்கு பதிலா மம்ட்டின்னு எழுதிக்கீதா?” என்று சிரித்தான். மண்வெட்டியை எங்கள் பக்கம் மம்ட்டி என்போம். சிரிப்பு அடங்கியது. ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னான்:

“எனக்கும் ஒரு சீட்டு எழுதச் சொல்லேன் மாமே.”

“உனுக்கு சீட்டு எதுக்குடா? பதினாலாம் நம்பர் சும்மாத்தான கீது. உங்கப்பா கீரை போட்ட எடம். டாக்டர ஒரு வார்த்த கேட்டுக்கினு, போயி கொத்து.”

இதை நான்தான் சொன்னேன். அவன் கேட்கவில்லை. மனை என்னுடையது, வார்த்தையும் என்னுடையது. இதை இங்கே எழுதிவைப்பது எனக்கு முக்கியம்.

5

பூந்தமல்லி டாக்டர், “வெயிலுக்கு முன்னாடி, கொஞ்சம் கொஞ்சமா” என்று சொன்னாராம். கன்னியம்மா ஒப்பவில்லை. “கைகால் வுழுந்த ஆம்பளய காட்ல வுட்டு வேல வாங்கறா பாருன்னு ஊரே என் மூஞ்சில துப்பும்” என்றாள். அதனால் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காலை இழுத்து இழுத்து மனைக்குப் போனான். லுங்கியில் ஒட்டிய மண்ணைப் பார்த்துக் கன்னியம்மா கண்டுபிடித்தாள். ஆனால் அன்றைக்கு அவன் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தான். அதனால் கொஞ்சம் திட்டிவிட்டு விட்டுவிட்டாள். அன்றிலிருந்து பதினாலாம் நம்பருக்குப் பெயர் ஆஸ்பத்திரி.

முதல் மாதம் உட்கார்ந்தபடி புல் பிடுங்கினான். பிறகு மண்வெட்டி. வலது கையால் காம்பைப் பிடிக்க முடியாதே, அதனால் ஒரு சிவப்புத் துண்டால் அந்தக் கையைக் காம்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வான். முடிச்சை இடது கையும் பல்லும் போடும். ஓங்குவது, இழுப்பது எல்லாம் இடது கை. வலது சும்மா கூடப் போய் வரும்.

“அதால ஒண்ணும் ஆவலியே, எதுக்குடா கட்டிக்கினு கஷ்டப்படற?” என்று கேட்டேன்.

“வேல செய்றது எடது. கூட வர்றது வலது. வந்துகினே இருக்கட்டும் மாமே, பாத்துப் பாத்து அதுவே கத்துக்கும்.”

கற்றுக்கொண்டது. தினமும் எனக்குப் பகல் சாப்பாட்டு நேரத்தில் அவன் போன் வரும். முடிச்சு இறுக்கம் குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்தேன். இரண்டு சுற்று ஒரு சுற்றானது. எட்டாவது மாதமோ ஒன்பதாவது மாதமோ, போனைத் தூக்கிக் காட்டினான். துண்டு அவன் தோளில் கிடந்தது. வலது கை, ஐந்து விரலும், காம்பைச் சுற்றியிருந்தது. அம்சா என் தோளுக்குப் பின்னால் நின்று விம்மினாள்.

முள்ளை வெட்டி, வேரைப் பிடுங்கி, பாத்தி கட்டி, சிறுகீரையும் முளைக்கீரையும் விதைத்தான். பக்கத்து வீட்டு போர்வெல்லிலிருந்து குடத்தில் தண்ணீர். லேஅவுட்டில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு கட்டு வாங்கிப் போனார்கள். நோயாளிகளும் சேர்ந்தார்கள். நூம்பலிலிருந்து தேசிங்கு என்று ஒருவன் வந்தான். ஃபிட்டராக இருந்தவன், குடியில் ஈரல் வீங்கி, இனி ஒரு கிளாஸ் என்றால் டாக்டரிடம் வராதே என்று சொல்லி அனுப்பப்பட்டவன். தண்ணீர் தூக்குவது அவன் வேலை. ஒரு தடவை போனில் எட்டிப் பார்த்து, “அண்ணாத்தே, காலைல ஆறு குடம் தூக்கிட்டா சாயங்காலம் கடப்பக்கம் போவ காலு வர மாட்டேங்குது” என்றான். ஐந்து மாதமாகக் குடிக்கவில்லையாம். ஆவடியில் வேலை பார்த்து ரிடையரான ஒருவரும் சர்க்கரைக்காக வந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

நடுவில் ரேஷன் கடை மெஷின் ஏழுமலையின் விரலை எடுக்கவில்லை. மண்வெட்டிக் காம்பு ரேகையைத் தேய்த்துவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தான்: “வுழுந்து கெடந்தப்ப ரேகை இருந்துச்சி, கை இல்ல. இப்போ கை கீது, ரேகை இல்ல. கவர்மென்ட்டுக்கு ரெண்டும் ஒரே நேரத்துல வேணுமாம் மாமே.”

அந்தப் பக்கத்தை டைரியில் மடித்து வைத்திருக்கிறேன்.

6

இங்கே காலின் வராமல் போனார். செத்துவிட்டார் என்று நினைத்தோம். இல்லை. அவர் பிள்ளைகள் சேர்ந்து பேசி, தனியாக இருப்பது ஆபத்து என்று ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். பார்க்கப் போனேன். சுத்தமான அறை. திறக்காத ஜன்னல். விழுந்துவிடுவார் என்று நாற்காலியை விட்டு எழவே விடுவதில்லை. “எல்லாரும் என் மேல் ரொம்பப் பிரியமாக இருக்கிறார்கள்” என்றார். அவர் கையைப் பிடித்தேன். காய்ப்பெல்லாம் உரிந்து, குழந்தை கை மாதிரி ஆகியிருந்தது.

அந்த வாரக் கடைசியில் தமிழர்கள் கூடிச் சாப்பிடுகிற ஒரு விருந்து. பேச்சுவாக்கில் பதினாலாம் நம்பர் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். எதிரே இருந்த நண்பர் தட்டைக் கீழே வைத்தார். ஆவடிப் பக்கம் அவர் மனையில் யாரோ மாடு கட்டினார்களாம், பிறகு கொட்டகை போட்டார்களாம், இப்போது வருஷக்கணக்காகக் கோர்ட். “பயிர் வெக்கிறாரா? அதுவும் அவங்க பழைய நிலத்துலயா? யாரா இருந்தாலும் எழுதி வாங்கிடுங்க சார்.”

“அவன் என் மச்சான்.”

“எனக்கும் சித்தப்பாதான் சார்.”

அந்தப் பேச்சை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். ஏழுமலையைப் பற்றி எனக்குத் தெரியும். அவனுக்குப் பிறகு அவன் பிள்ளைகள்? எனக்குப் பிறகு திவ்யா? பாரிவாக்கம் என்று ஒழுங்காகச் சொல்ல வராத பெண், கோர்ட்டில் யாரிடம் போய் நிற்பாள்? இப்படியெல்லாம் யோசித்து என்னையே நியாயப்படுத்திக்கொண்டேன். அம்சாவிடம் சொன்னபோது, “எங்கண்ணன் கிட்டயா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அப்புறம் மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

திவ்யாதான் எல்லாம் செய்தாள். “இட்ஸ் ஜஸ்ட் பேப்பர்வொர்க், அப்பா.” இன்டர்நெட்டில் தேடி, பூந்தமல்லியில் ஒரு வக்கீலுக்கு ஈமெயில் அனுப்பினாள். இங்கே என் பங்குக்கு ஒரு படிவம், அதில் ‘மனையில் இருப்பவர் உமக்கு என்ன உறவு’ என்று ஒரு கட்டம். மனைவியின் சகோதரர் என்று எழுதினேன். சிநேகிதன் என்று எழுதக் கட்டம் இல்லை. தமிழில் வந்த பத்திர நகலை எனக்கு போனில் அனுப்பி, ஓகேயா என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. எனக்கு வரும். பொடி எழுத்து, கண்ணாடி மாடியில் இருந்தது, “சரிம்மா” என்று சொல்லிவிட்டேன். ஏழுமலையிடம் ஞாயிற்றுக்கிழமை பக்குவமாகப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். முத்திரைத்தாளில் அடித்து, வக்கீலே கூரியரில் அனுப்பிவிடுவார் என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையும் நான் பேசவில்லை. கீரை எப்படி வந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

7

செவ்வாய்க்கிழமை அவன் முகத்துக்கு முன்னால் அந்தத் தாள் இருந்தது.

“திவ்யா பாப்பா அனுப்ச்சிக்கீதா மாமே? நேத்து வந்துச்சி. பட்ச்சிப் பாத்தேன்.”

எழுத்துக்கூட்டி எனக்கும் படித்துக் காட்டினான். மேற்படி மனை என்றைக்கும் காலி மனையாகவே இருந்து வருகிறது. அதில் நானோ என்னைச் சேர்ந்தவர்களோ பயிர் எதுவும் செய்யவில்லை. அதன் மேல் எனக்கு எவ்வித உரிமையும் அனுபோகமும் கிடையாது. இதை முழு மனதுடன் எழுதிக் கொடுக்கிறேன்.

நான் ஓகே சொன்னது இதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவன் கால்மாட்டில் பச்சையாக நின்றிருந்தது கீரை. அன்றைக்கு அறுக்க வேண்டிய பாத்தி.

“யாராச்சும் இன்னாச்சும் சொன்னாங்களா மாமே?”

“இல்லடா மச்சான். சும்மா ஃபார்மாலிட்டி. புடிக்கலன்னா கிழிச்சிப் போடு.”

“கிழிக்கறதா? வக்கீல் முத்தரல்லாம் குத்திக்கீது.”

பின்னாலிருந்து தேசிங்கு குடத்தைத் தொப்பென்று வைத்தான். “இன்னாத்துக்கு அண்ணாத்தே நீ போடற? ஒன் அப்பன் நெலம். ஒன் தங்கச்சி மனை.”

“நீ மூடுடா. அவுரு மனை. அவுரு கேக்கறாரு.”

நாற்பது வருஷமாக என்னை அவன், இவன் என்று பேசியவன். முதல் தடவையாக அவுரு ஆனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அம்சா என் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அவன் போனைத் தேசிங்கிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னான். மனையின் மூலைக்கல் மேல் ஒரு அட்டையை வைத்து, அதன் மேல் தாளை விரித்தான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து வலது கையில் பிடித்தான். மூன்று வருஷமாகப் பேனா பிடிக்காத கை. ஏ-வுக்குக் கொஞ்ச நேரம். ழு-வுக்கு வெகுநேரம். நாக்கைக் கடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியதைப் போலவே எழுதினான். முடித்ததும் தாளைத் தூக்கி எனக்குக் காட்டினான். கோணலில்லாமல், பழைய கையெழுத்து. அன்றைக்குப் பாங்கில் கேட்டார்களே, அதே கையெழுத்து.

“வந்துடுச்சி பாரு” என்றான்.

அப்போதுதான் அதைச் சொன்னேன்: “சரி, அது ஃபைல்ல கெடக்கட்டும். நீ எப்பவும் போல கொத்திக்கினு இரு மச்சான். கீரை பாட்டுக்கு இருக்கட்டும். யாரு வந்து பாக்கப் போறாங்க?”

ஏழுமலை தாளைப் பார்த்தான். கீரையைப் பார்த்தான். கோபம் இல்லை அவன் முகத்தில். இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். கணக்குப் புரியாத பையன் வாத்தியாரிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

“நான் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு, இங்க வெதச்சிக்கினும் இருந்தா… அப்டின்னா காலி மனைன்னு எழுதிக்கீறது பொய்யாப் பூடும் இல்ல மாமே?”

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் தாளை நாலாக மடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, சட்டைப் பையில் வைத்தான். தேசிங்கிடமிருந்து போனை வாங்கி மூலைக்கல்லில் சாய்த்து வைத்தான். கட் பண்ணவில்லை. தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டான். மண்வெட்டியை இரண்டு கையாலும் பிடித்து, மேற்குக் கோடிக்குப் போய், முதல் பாத்தியின் வரப்பை வெட்டி இழுத்து, கீரையின் மேல் நிரவினான். தேசிங்கு என்னவோ கத்தினான். பிறகு குடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். நான் “மச்சான், வேணாண்டா” என்று கத்தினேன். அவ்வளவு தூரம் போன் சத்தம் கேட்டிருக்காது. இரண்டாவது பாத்தியை நிரவினான். மூன்றாவதை நிரவினான். வலது கை ஒரு தடவைகூட நழுவவில்லை. நிமிர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, நான்காவது பாத்திக்குப் போனான்.